ஐந்து நட்சத்திர ஜன்னல்

மாவட்டத்திலேயே மிகக் குறைவான வெப்பத்தை வீட்டுக்குள் விட்ட ஜன்னல்கள் இரண்டும் ஆம்பூருக்கு வெளியே பாலாற்றுக் குடியிருப்பில் இருந்தன. ஒன்று சி பிளாக் ஏழாவது மாடியில். மற்றொன்று அதற்கு நேர் எதிரே, டி பிளாக் ஏழாவது மாடியில். இரண்டுக்கும் ஐந்தாவது நட்சத்திரம் கொடுப்பது என்று ஜன்னல் வாரியம் முடிவு செய்தது.

நட்சத்திரம் என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர். அதைக் கண்ணாடியின் மூலையில் ஒட்டி, வீட்டில் இருப்பவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வேலைக்கு என்னை அனுப்பினார்கள். நான் வாரியத்தில் தணிக்கை உதவியாளன். பெயர் தேவசகாயம். நான்கு வருடமாகப் பிறர் வீட்டு ஜன்னல்களைப் பார்ப்பதுதான் வேலை. அவற்றின் வழியாக வெளியே பார்ப்பது என் பொறுப்பில் இல்லை.

அது ஒரு புதன்கிழமை. வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை யாரும் நடமாட வேண்டாம் என்பது வெறும் அறிவுரைதான், சட்டம் இல்லை. ஆனாலும் யாரும் நடமாடவில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த சிமென்ட் முற்றத்தில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் மட்டும் நின்றிருந்தது. அதன் கைப்பிடி உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

சி-7 கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். படிவத்தின்படி அவர் பெயர் மைமூன். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு என் கையிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார்.

“இன்னா தம்பி, அபராதமா?”

“இல்லம்மா. பரிசு.”

“எனக்கா?”

“உங்க ஜன்னலுக்கு.”

“அது இன்னா பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலம்மா. அதுக்குத்தான்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு வழிவிட்டார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கதவைச் சாத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சாப்டியா தம்பி?”

“ஆச்சும்மா.”

நான் சாப்பிட்டிருக்கவில்லை. டிபன் பாக்ஸ் என் தோள்பையில் அப்படியே இருந்தது. ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜன்னல் கூடத்தில் இருந்தது. அதன் முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூல்மேல் மடித்த துணிகள் மார்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. துணிகளுக்கு மேலே ஒரு ஊறுகாய் பாட்டில். நான் ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக அவர் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் வைத்தார். ஸ்டூலின் கால்களைச் சுற்றித் தரையில் தூசி வட்டமாகப் படிந்திருந்தது. இதையெல்லாம் அப்போதே கவனித்தேன். எழுத இடம் இல்லாததால் படிவத்தில் எழுதவில்லை.

“நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத,” என்றார் மைமூன். “நான் இப்ப பாக்கறது வெளியவா? இல்ல இந்தக் கண்ணாடியோட நெனப்பா?”

வழக்கமாக இதை யாரும் கேட்பதில்லை. பொருத்தும்போது கொடுக்கும் கையேட்டில் எல்லாம் இருக்கிறது. கையேட்டை யாரும் படிப்பதில்லை.

“பெரும்பாலும் நெனப்புதாம்மா,” என்றேன். “சாதாக் கண்ணாடின்னா வெளிச்சத்தோட சேர்ந்து சூடும் உள்ள வந்துடும். அதனால இது எப்பவும் வெளிப்பக்கம் வெள்ளையா அடைச்சிக்கிட்டு இருக்கும். வெளிய என்ன நடக்கும்னு அதுக்கு ஏற்கெனவே தெரியும். அதை உள்பக்கம் படமாக் காட்டும்.”

“அதுக்கெப்படித் தெரியும்?”

“பழக்கம்தான். மொதல் மூணு மாசம் நாள் முழுக்கப் பாத்துக் கத்துக்கும். எந்த வீட்ல எப்ப துணி காயப்போடுவாங்க, எப்ப யார் வந்து நிப்பாங்க, எல்லாம். அப்புறம் ஒரு நாளைக்கு நாலே தடவை, கண்ணு மூடித் திறக்கிறதுல பாதி நேரம் தெளியும். எதிரெதிர் ஜன்னல் ரெண்டும் ஒரே நேரத்துல தெளியும். தன் நெனப்பு சரியான்னு பாத்துட்டு மறுபடி அடைச்சிக்கும்.”

“சரியில்லைன்னா?”

“பெரிய வித்தியாசம்னா கொஞ்ச நேரம் தெளிஞ்சே நின்னு, சூடு உள்ள வந்தாலும் பரவாயில்லன்னு திருத்திக்கும். சின்ன வித்தியாசம்னா அதை நாங்க சலனம்னு சொல்லுவோம். தூக்கிப் போட்டுடும்.”

“பெருசு எது, சின்னது எதுன்னு யாரு சொல்றது?”

“அது மொத்தப் படத்துல எத்தனை பங்குன்னு கணக்கும்மா.”

மைமூன் ஜன்னலைப் பார்த்தார். எதிர்க் கட்டடம் முழுவதும் அதில் தெரிந்தது. நாற்பது வீடுகள், நாற்பது ஜன்னல்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு.

அந்தத் தீப்பெட்டிகளில் ஒன்றில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மணி ஒன்று நான்கு.

“கனகவல்லி,” என்றார் மைமூன். ஒரு கணம் தயங்கினார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோய், மோவாயை உயர்த்தினார். எதிர் ஜன்னலில் கனகவல்லி வயிற்றின்மேல் கையை வைத்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“சாப்ட்டாளாம்,” என்றார் மைமூன்.

“தெரிஞ்சவங்களா?”

“முப்பத்தோரு வருஷம் ரெண்டு பேரும் ஒரே லைன்ல ஷூ தைச்சோம். அந்த மிஷின் சத்தத்துல பக்கத்துல நிக்கறவ கத்தினாக்கூட கேக்காது. எல்லாம் கையிலதான் பேச்சு. சாப்ட்டியான்னா இப்படி. ஆச்சுன்னா இப்படி.” கையை வயிற்றின்மேல் வைத்துக் காட்டினார். “இல்லைன்னா கையை விரிக்கணும். விரிச்சா எதிர்ல இருக்கறவ தன் டப்பாவைப் பாதியாப் பிரிச்சுக் குடுக்கணும். அது எங்க லைனோட சட்டம்.”

“விரிச்சிருக்கீங்களா?”

“நான் ரெண்டு மூணு வாட்டி. அவ ஒரு வாட்டிகூட இல்ல. ரோஷக்காரி.” சற்று நிறுத்தினார். “அந்த மிஷினால அவளுக்குக் காது போயிடுச்சு. போன்ல பேச முடியாது. அதனால இந்த ஜன்னல்தான்.”

“போய்ப் பார்க்கறது இல்லையா?”

“முட்டி வலி,” என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. எதிர் வீட்டுக்காரர் தெரிகிறாரா? ஆம். அவரை நேரில் பார்க்கும் உணர்வு ஏற்படுகிறதா? ஆம். ஜன்னல் காட்டுவது உண்மையா? ஆம். அதிகாரி பார்த்த நேரம் என்ற இடத்தில் ஒன்று நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மைமூனும் போட்டார். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, முற்றத்தைக் கடந்து டி பிளாக்குக்குப் போனேன்.

டி-7 வாசலில் விளக்கு மணி இருந்தது. அழுத்தினால் உள்ளே விளக்கு மினுக்கும். காது கேளாதவர்களுக்கானது. பத்து முறை அழுத்தினேன். யாரும் திறக்கவில்லை. இப்போதுதானே பார்த்தோம், சாப்பிட்ட களைப்பில் படுத்திருப்பார் என்று நினைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு காவலாளியை அழைத்தேன். அவரிடம் மாற்றுச் சாவி இருந்தது.

கனகவல்லி ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் தரையில் கிடந்தார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். சட்டென்று முடிந்திருக்கும், அதிகம் தெரிந்திருக்காது என்றார். எப்போது என்று போலீஸ்காரர் கேட்டார்.

“ரெண்டு நாளும் ஆகியிருக்கலாம், நாலு நாளும் ஆகியிருக்கலாம். வீடு இருபத்து நாலு டிகிரியில இருக்கு. வழக்கமா சூட்டை வெச்சுதான் கணிப்போம். இந்த வீட்ல சூடே இல்ல. ஜன்னல் ரொம்ப நல்ல ஜன்னல்.”

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். “நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?”

“இன்னிக்கு ஒண்ணு நாலுக்கு,” என்றேன். “படிவத்துல எழுதியிருக்கேன்.”

அவர் படிவத்தை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். எதிரே சி-7 தெரிந்தது. மைமூன் ஸ்டூலில் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மைமூன். காவலாளி சொல்லக் கேட்டு, முட்டி வலியோடு இறங்கி, வெயிலில் முற்றத்தைக் கடந்து வந்திருந்தார். முகம் சிவந்து வியர்வை வழிந்தது.

“ஒண்ணு நாலுக்குச் சாப்ட்டேன்னு சொன்னாளே,” என்றார் போலீஸ்காரரிடம். “இந்தத் தம்பியும் பாத்துச்சே.”

கையில் இருந்த, நான் கையெழுத்திட்ட படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். ஜன்னலில் இருந்த மைமூன் எழுந்து உள்ளே போனார். வழக்கமாக அவர் உள்ளே போகும் நேரம் அது.

*

மறுநாள் அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் கோமளா மேடம் என் அறிக்கையை இரண்டு முறை படித்தார். அவர் கெட்டவர் அல்ல. அலுவலகத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைத்து எடுத்து வருபவர்.

“ஜன்னல்ல கோளாறு இல்லையே, தேவசகாயம்?”

“இல்ல மேடம்.”

“நாலு விஷயத்தை ஜன்னல் எப்பவும் ஊகிக்கக் கூடாது. என்னென்ன?”

“நெருப்பு, புகை, மழை, திருடன்.”

“இதுல ஏதாவது நடந்துச்சா?”

“இல்ல மேடம். இறந்துட்டாங்க.”

“அது பட்டியல்ல இல்ல.” பேனாவை மூடினார். “சேர்க்கணும்னு எழுதிப் போடலாம். ஆனா ஒருத்தர் அசையாம இருந்தா செத்துட்டாங்களா தூங்கறாங்களான்னு பார்க்க ஜன்னல் தெளிஞ்சுக்கிட்டே இருக்கணும். ஊர்ல மத்தியானம் எல்லாரும் தூங்கறாங்க. எவ்வளவு சூடு உள்ள வரும்னு பாருங்க.”

அவர் சொன்னது சரிதான்.

வெள்ளிக்கிழமை கனகவல்லியின் மகள் வந்தார். பெயர் பூங்கோதை. சூரத்தில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. வியாழன் காலை வந்து சேர்ந்து அன்றே தகனம் முடித்திருந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அழுது முடித்தவர்களின் தட்டையான குரலில் பேசினார்.

“நான் புகார் குடுக்க வரல. எனக்கு ஒரு தேதி வேணும்.”

“என்ன தேதி?”

“அம்மா போன தேதி. காரியம் பண்றவர் திதி கேக்கறார். வருஷா வருஷம் அந்தத் திதியிலதான் கும்பிடணும். டாக்டர் சர்டிபிகேட்ல ‘சனி முதல் திங்கள் வரை’ன்னு போட்டிருக்கார். சனி முதல் திங்கள் வரைன்னு ஒரு திதி கிடையாது சார்.”

“எதிர் வீட்டு அம்மா கிட்ட கேட்டீங்களா?”

“மைமூன் அத்தையா? புதன்கிழமை வரைக்கும் உயிரோட இருந்தாங்கன்னு சொல்றாங்க. குடியிருப்புல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” கைக்குட்டையை மடித்தார். “நேத்துலேர்ந்து ஒருத்தர்கூட துக்கம் கேக்க வரல. சாவு வீட்ல அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்துலதான் சோறு வரணும். வரல. ஏன்னு எனக்குப் புரியல. அப்புறம் எதிர் பிளாக் அம்மா ஒருத்தங்க என்னைக் கீழ வாசல்ல பாத்து, ‘உங்கம்மா நல்லா இருக்காங்களா, காலையில துணி காயப்போட்டாங்களே’ன்னு கேக்கறாங்க.”

ஒரு காட்சியை மறக்க ஜன்னலுக்குத் தொண்ணூறு நாள் ஆகும். அதை அவரிடம் சொல்லவில்லை. தேதியைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னேன். அதற்கு எனக்கு அனுமதி இல்லை.

ஜன்னல் தூக்கிப் போடும் சலனங்கள் உடனே அழிவதில்லை. முப்பது நாள் ஒரு தொட்டியில் கிடக்கும். அதை யாரும் திறப்பதில்லை, திறக்கக் காரணமும் இருந்ததில்லை. அன்று மாலை எல்லாரும் போன பிறகு சி-7 ஜன்னலின் தொட்டியைத் திறந்தேன். ஒரு நாளைக்கு அதிகபட்சம் நான்கு படங்கள். ஒவ்வொன்றும் நகத்தளவு.

தேதி கிடைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று நான்குக்கு டி-7 ஜன்னலில் கனகவல்லி இருக்கிறார். அன்று மாலை ஆறுக்கு இல்லை. திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. புதன் ஒன்று நான்குக்கு, நான் ஆம் என்று எழுதிய நேரத்தில், வெறும் ஸ்டூல்.

அத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஏன் தொட்டியில் கிடக்கிறது என்ற கேள்வி வந்தது. கனகவல்லி அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பது ஜன்னலின் நினைப்போடு பொருந்தும் காட்சி. பொருந்தினால் சலனம் இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். அவர் கையை விரித்திருந்தார்.

சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைப் படத்தைப் பார்த்தேன். விரித்த கை. வெள்ளி, விரித்த கை. தொட்டியின் அடிவரை போனேன். கனகவல்லி உயிரோடிருந்த ஒவ்வொரு நாளும், ஒன்று நான்குக்கு, அதே விரித்த கை. எல்லாவற்றையும் ஜன்னல் தூக்கிப் போட்டிருந்தது. தீப்பெட்டிக்குள் ஒரு கை விரிவது மொத்தப் படத்தில் எண்ணிக்கைக்கே வராது. அதன் இடத்தில், தான் முதலில் கற்றுக்கொண்டதை, வயிற்றின்மேல் வைத்த கையைக் காட்டியிருந்தது. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருக்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு டி-7 ஜன்னலின் தொட்டியைத் திறந்தேன். அதே நொடிகளில் எதிர்ப்பக்கம் எடுத்த படங்கள். அவற்றில் மைமூன் இருக்க வேண்டும். ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் துணிகள். முதல் படத்தில் இடுப்பளவு, கடைசிப் படங்களில் மார்பளவு. உச்சியில் ஊறுகாய் பாட்டில்.

ஐந்து நட்சத்திரம் எப்படிக் கிடைத்தது என்று அப்போது புரிந்தது. எந்த ஜன்னலும் ஒரு மாதம் திருத்தமே இல்லாமல் இருந்ததில்லை. இந்த இரண்டும் இருந்தன.

கடைசியாக டி-7 வீட்டின் புகார்ப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு புகார். ரமலான் மாதத்தில் கொடுத்தது. “எதிர் வீட்டு மைமூன் நோன்பு நாளில் மதியம் சாப்பிட்டதாகச் சொல்கிறாள். நோன்பு என்றால் அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள். முப்பத்தோரு வருடம் பார்த்திருக்கிறேன். அவள் சாப்பிட மாட்டாள். ஜன்னல் பொய் சொல்கிறது. ஆளை அனுப்பவும்.”

கண்ணாடி பொருத்தியது அதற்கு முந்தைய நோன்பு முடிந்த பிறகு. நோன்பு என்ற ஒன்றை அது பார்த்ததே இல்லை.

புகாரை முடித்து வைத்த குறிப்பு கீழே இருந்தது. “மத விவகாரம். வாரியத்தின் எல்லைக்கு உட்படாது. முடிக்கப்பட்டது.” கையெழுத்து என்னுடையது. அந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. அன்று நாற்பது புகார்களை முடித்திருந்தேன். பாராட்டுக்கூடக் கிடைத்தது.

*

பூங்கோதைக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை என்றேன். எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். மதியம் ஜன்னலில் இருந்தார், மாலை இல்லை என்றேன்.

“மத்தியானம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

“உக்காந்திருந்தாங்க.”

“சரி,” என்றார். தேதியை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. “ரொம்ப நன்றிங்க சார்.”

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மைமூன் வீட்டுக்குப் போனேன். ஸ்டூல் காலியாக இருந்தது. துணிகள் பீரோவுக்குள் போயிருந்தன. தரை துடைத்திருந்தது. மைமூன் கட்டிலில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு நாலு ஆனா வந்துடறா,” என்றார். “வந்து உக்காந்து சாப்ட்டேன்றா. அதை நிறுத்த முடியாதா தம்பி?”

“நிறுத்தலாம்மா.”

“கோதைக்குத் தேதி கெடச்சுதா?”

“ஞாயித்துக்கிழமை.”

தலையை ஆட்டினார். விரல்களைக் கோத்துக்கொண்டார். “அன்னிக்கு அவ இன்னா சொன்னா? உனக்குத் தெரியும்ல. உங்க கிட்டதான் எல்லாம் இருக்குமே.”

படத்தைத் தாளில் எடுத்து சட்டைப் பையில் வைத்திருந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் தானாக வந்தது:

“ஆச்சுன்னுதாம்மா சொன்னாங்க.”

மைமூன் என்னை நெடுநேரம் பார்த்தார்.

“நீயும் ஜன்னல் மாதிரியே பேசற,” என்றார்.

நான் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார், மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது ஞாயித்துக்கிழமையா?”

“ஞாயித்துக்கிழமையும்தான். தெனமும் இப்படித்தான் இருக்கு. ஒரு மாசமா. அதுக்கு முன்னாடி உள்ளது அழிஞ்சு போச்சு.”

படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேசியது என்னிடமா என்று தெரியவில்லை.

“நோன்பு முடியறதுக்கு நாலு நாள் இருக்கும்போது வந்தா. இங்கதான் நின்னா. ‘ஏன்டி மைமூனு, நோன்புல மத்தியானம் சாப்ட்டேன்னு சொல்றியே, உடம்பு சரியில்லையா, எங்கிட்ட மறைக்கிறியா’ன்னு கேட்டா. காது கேக்காதவ, சத்தமா வேற கேக்கறா. வராண்டால நாலு பேர் நிக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? ‘நான் நோன்பை முறிச்சேன்னு சொல்றதுக்கு நீ யாருடி’ன்னு கேட்டுட்டேன். அது அவளுக்கு நல்லாவே கேட்டுடுச்சு. ‘அப்ப என் ஜன்னல்தான்டி பொய் சொல்லுது’ன்னா. ‘போடி வெளிய’ன்னு கதவைச் சாத்திட்டேன்.”

“அப்புறம் பேசல?”

“பேசல. ஆனா அவ சொன்னதை யோசிச்சேன். ஜன்னல் பொய் சொல்லுதுன்னா, நான் போய் உக்காரலன்னாலும் அது நான் கேக்கற மாதிரி காட்டும்ல? உள்ளுக்குள்ள கோவம். ஆனா அவ காத்துக்கினு இருப்பா, கேக்காம விடக் கூடாது. சரி, ஜன்னலே கேக்கட்டும்னு விட்டுட்டேன். துணியைத் தூக்கி ஸ்டூல் மேல போட்டேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு தம்பி. கோவத்தையும் விட வேணாம். கேக்கறதையும் விட வேணாம்.”

நான் அவருக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. புகாரைப் பற்றிச் சொன்னேன். முடித்தது யார் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நான் சாப்பிட மாட்டேன்னு எழுதியிருந்தாளா?” என்று மட்டும் கேட்டார்.

“அப்படியே எழுதியிருந்தாங்க. ‘முப்பத்தோரு வருடம் பார்த்திருக்கிறேன்’னு.”

படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் குரான் வைத்திருந்த அலமாரியில், கீழ்த் தட்டில், எண்ணெய்ப் புட்டிக்குப் பின்னால் வைத்தார்.

“கையை விரிச்சுக் காட்டுறா, நான் பாட்டுக்குச் சிரிச்சிட்டு எழுந்து போறேன். ஒரு மாசம். அவ இன்னா நெனச்சிருப்பா?”

ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது மைமூன் இல்லை என்று தெரிந்து தினமும் சோதித்துப் பார்த்தாரா? இல்லை, இருப்பது மைமூன்தான், ஒரு நாள் மனமிறங்கி டப்பாவோடு வருவார் என்று காத்திருந்தாரா? படத்தில் கைதான் தெரிந்தது.

மணி ஒன்று ஆகியிருந்தது. கைக்கருவியை எடுத்து இரண்டு ஜன்னல்களையும் தேர்ந்தெடுத்தேன். ‘முழுவதும் தெளியட்டும்’ என்பதை அழுத்தினேன். அதை அழுத்தியதே இல்லை என்பதால் கருவி மூன்று முறை உறுதிதானா என்று கேட்டது.

முதலில் எதிர்க் கட்டடம் காணாமல் போனது. காய்ந்துகொண்டிருந்த துணிகள், தொட்டிச் செடிகள், நாற்பது வீட்டு மனிதர்கள், எல்லாம் போய், வெயிலில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. நாற்பது அடைத்த ஜன்னல்கள், குருட்டு வெள்ளையாக. அதுதான் வெளியே. மைமூன் “யா அல்லா” என்றார். கூடத்தில் வெயில் விழுந்தது. ஸ்டூலின் நிழல் தரையில் நீண்டது. அந்த வீட்டுக்குள் வெயில் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

பிறகு வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு தீப்பெட்டி கறுத்துத் தெளிந்தது. உள்ளே பூங்கோதை நின்றிருந்தார். கையில் மடித்துக்கொண்டிருந்த புடவை. சட்டென்று வெளிச்சம் வந்ததில் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

மைமூன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோய், மோவாயை உயர்த்தினார்.

பூங்கோதை அசையவில்லை. தன்னைத்தானா என்று ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கையை மெல்ல விரித்தார்.

“தம்பி,” என்றார் மைமூன், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். “நெஜமாத்தான் சொல்றாளா? இல்ல இதுவா?”

“நெஜம்தாம்மா. தெளிஞ்சிருக்கு.”

எழுந்து அடுப்படிக்குப் போனார். கேரியர் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. அறை சூடாகத் தொடங்கியிருந்தது. என் சட்டை முதுகில் ஒட்டியது.

“நீ சாப்டியா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“இல்லம்மா.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கும் இல்ல.”

இன்னொரு அடுக்கை எடுக்கும் சத்தம் கேட்டது.

ஏழு மாடியையும் படியில் இறங்கினோம், லிப்டுக்குள் அடுப்பு மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னதால். ஒவ்வொரு மாடியிலும் நின்று முட்டியைத் தடவிக்கொண்டார். கேரியரை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். இது உன் லைன் இல்லை என்றார்.

முற்றத்தின் நடுவில், உருகிய சைக்கிளுக்குப் பக்கத்தில் போகும்போது கைக்கருவி அதிர்ந்தது. சி-7, டி-7 ஜன்னல்கள் திறந்து கிடக்கின்றன, வெப்பம் உள்ளே போகிறது, நட்சத்திரங்கள் குறையும் என்றது. மூடிவிடட்டுமா என்று கேட்டது. மைமூன் கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு எனக்காக வெயிலில் நின்றார்.

‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டு அவர் பின்னால் போனேன்.